வெறுங்கையைப் பாராட்டியது போதும்

எங்கள் ஓய்வூதியர் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரே குதூகலம். நெய்வேலி விமான ஓடுதளம் மறுபடி உயிர் பெறப் போகிறது என்று யாரோ ஒரு செய்தியைப் போட, வரிசையாகக் கைதட்டல் பொம்மைகள். 2017-ல் உடான் திட்டத்தில் நெய்வேலி பேர் வந்தபோதும் இதே கைதட்டல்தான். விமானம்தான் வரவில்லை. வாயுதூத் காலத்தில் வந்து போன சின்ன விமானத்தை நினைவு வைத்திருக்கும் கிழங்கள் நாங்கள். எங்களுக்கு இதில் ஒரு சந்தோஷம் இருக்கத்தான் செய்யும்.

நான் ஒரே ஒரு கேள்வி போட்டேன். "விமானம் வரட்டும். இறங்கும்போது கவிழ்ந்தால், உள்ளே மாட்டியவனை வெட்டி எடுக்க யாரிடம் என்ன இருக்கிறது?"

"சார், நல்ல விஷயம் பேசும்போது அபசகுனமா எதுக்கு?" என்று ஒருவர். அவரை விட்டுவிடலாம். இன்னொருவர் எழுதினார்: "கோழிக்கோட்டுல பார்த்தீங்கல்ல, ஜனங்களே ஓடிப்போய் தூக்கிட்டாங்க. நம்ம ஆளுங்க மட்டும் சளைச்சவங்களா?"

இந்த இரண்டாவது பதில்தான் என்னை இரண்டு நாளாகத் தூங்க விடவில்லை. சொன்னவர் நல்ல மனிதர், முப்பது வருடப் பழக்கம். ஆனால் அவர் சொன்னதைத்தான் நம் பத்திரிகைகளும் சொல்கின்றன, டிவியும் சொல்கிறது. ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் "வெறுங்கையால் மீட்ட வீரர்கள்" என்று ஒரு கட்டுரை வரும். படித்துக் கண் கலங்குவோம். அந்தக் கை ஏன் வெறுமையாக இருந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

கோழிக்கோட்டையே எடுத்துக்கொள்வோம். 2020 ஆகஸ்ட் 7, இரவு ஏழே முக்கால் மணி வாக்கில், துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போயிங் 737, கொட்டும் மழையில் மேசை போன்ற அந்த ஓடுதளத்தைத் தாண்டிச் சரிவில் விழுந்து உடைந்தது. உள்ளே 190 பேர். இரண்டு விமானிகளும் சேர்த்து 21 பேர் இறந்தார்கள். கொண்டோட்டி ஜனங்கள் கொரோனா பயத்தையும் பார்க்காமல் ஓடினார்கள், தங்கள் சொந்தக் கார்களில் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்கள், ரத்தம் கொடுக்க வரிசையில் நின்றார்கள், பிறகு தனிமையில் போய் இருந்தார்கள். அவர்கள் காலைத் தொட்டுக் கும்பிட எனக்குத் தயக்கமே இல்லை.

ஆனால் அன்று ஒரு பெரிய அதிர்ஷ்டம் இருந்தது. எரிபொருள் கசிந்தும் விமானம் தீப்பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு மங்களூர் சாட்சி. 2010 மே 22, அதே கம்பெனி, அதே 737 ரகம், அதே மாதிரி மேசை ஓடுதளம். பள்ளத்தில் விழுந்து எரிந்தது. 158 பேர் போனார்கள், எட்டுப் பேர் பிழைத்தார்கள். அந்த எட்டுப் பேரும் யாரும் வெட்டி எடுத்து வெளியே வந்தவர்கள் அல்ல; உடைந்த பிளவு வழியாகத் தாங்களே வெளியேறியவர்கள். மங்களூர் ஜனங்கள் மட்டும் ஈரம் இல்லாதவர்களா? அங்கேயும்தான் ஓடினார்கள். நெருப்புக்கு முன்னால் நல்ல மனசு நிற்காது.

நம் ஊருக்கு வருவோம். 2021 டிசம்பர் 8, குன்னூர் பக்கம் காட்டேரி, நஞ்சப்பசத்திரம். சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் போன விமானப்படையின் எம்.ஐ.17 ஹெலிகாப்டர், முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேருடன் மரங்களுக்குள் விழுந்து எரிந்தது. தீயணைப்பு வண்டி கிட்டே போகப் பாதை இல்லை. பக்கத்து வீடுகளிலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். உயிரோடு கிடந்தவர்களைப் போர்வையில், பெட்ஷீட்டில் சுற்றித் தூக்கினார்கள். நாட்டின் மிகப் பெரிய ராணுவ அதிகாரிக்குக் கிடைத்த மீட்புக் கருவி ஒரு குடமும் ஒரு போர்வையும். அந்தத் தோட்டத் தொழிலாளிகளை ராணுவமே நன்றியோடு கௌரவித்தது, சரிதான். கட்டர் இருந்திருந்தால் எல்லோரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தத் தீயில் அநேகமாக முடிந்திருக்காது. ஆனால் தளபதிக்கே அந்த நிலை என்றால், வடக்குத்து பஸ் ஸ்டாப்பில் நிற்கும் நமக்கு?

"விமானம்னா பெரிய டெக்னாலஜி, அதெல்லாம் நமக்கு எப்படி?" என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். நான் சுரங்க ஒர்க்‌ஷாப்பில் காலம் தள்ளியவன், கன்வேயரும் கியர்பாக்ஸும்தான் தெரியும். ஆனால் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, விமான நிலையத் தீயணைப்பு வண்டியில் இருக்க வேண்டியவை என்று கொடுக்கும் பட்டியலைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அட்ஜஸ்டபிள் ஸ்பானர், கோடாரி, போல்ட் கட்டர், கடப்பாரை, ஹாக்ஸா, கட்டிங் பிளையர், தகரக் கத்தரி, ஏணி, கயிறு, தீப்பிடிக்காத போர்வை, சீட் பெல்ட் அறுக்கும் கத்தி. நம் டூல் ரூமில் ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்த சாமான்கள்தான் முக்கால்வாசி. அதற்கு மேல்தான் ஹைட்ராலிக் கருவிகள்: உலோகத்தை அகட்டும் ஸ்ப்ரெடர், நறுக்கும் கட்டர், முட்டுக் கொடுத்துத் தள்ளும் ராம். இவை கார் பந்தயத்தில் நசுங்கிய ஓட்டுநர்களை எடுக்கப் பிறந்தவை. இப்போது பேட்டரியிலேயே ஓடுகின்றன, ஒரு ஆள் தோளில் தூக்கிப் போகலாம். குன்னூர் சரிவு மாதிரி வண்டி போகாத இடத்துக்கு இதுதான் வேண்டும்.

கருவியை விடப் பெரிய விஷயம் எங்கே வெட்டுவது என்பது. விமானத்தின் தோல் மெல்லிய அலுமினியத் தகடுதான். ஆனால் அதன் பின்னால் விலா எலும்பு மாதிரி சட்டங்கள், ஒயர் கட்டுகள், ஹைட்ராலிக் குழாய்கள், ஆக்சிஜன் லைன். தெரியாமல் ரம்பத்தை வைத்தால் நீங்களே தீயை மூட்டுவீர்கள். அதனால்தான் வெட்டி நுழைய ஏற்ற இடத்தை வெளியே குறித்துக் காட்டுவதாக இருந்தால், அதன் நான்கு மூலைகளும் சிவப்பு அல்லது மஞ்சள் கோட்டில் இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. புதிய விமானங்களில் உடம்பே கார்பன் இழை; அறுத்தால் பறக்கும் தூள் நுரையீரலுக்கு ஆகாது, முகமூடி இல்லாமல் கிட்டே போகக் கூடாது. முதலில் காற்று அடிக்கும் பக்கத்திலிருந்து நெருங்க வேண்டும், சிந்திய எண்ணெய் மேல் நுரை போட வேண்டும், கதவும் ஜன்னலும் திறக்குமா பார்க்க வேண்டும், வெட்டுவது கடைசியில். உடைந்த துண்டு உருளாமல் கட்டை அடுக்கி முட்டுக் கொடுத்த பிறகுதான் உள்ளே தலையை நீட்ட வேண்டும். பாரம் தூக்கிப் பழகிய எந்த ரிக்கரும் இந்தக் கடைசி வரிக்குத் தலையாட்டுவார். ஜாக்கியை நம்பாதே, கட்டையை நம்பு என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்கள்தான்.

இதையெல்லாம் விபத்து நடந்த அன்று கற்றுக்கொள்ள முடியாது. கோழிக்கோடு பற்றிய விசாரணை அறிக்கை விமானி செய்த தவற்றைத்தான் முதலில் சொன்னது, ஆனால் மீட்புப் பணியின் குறைகளையும் சேர்த்தே சொன்னது. முதல் பாதி தலைப்புச் செய்தி ஆனது. இரண்டாம் பாதியைப் படித்தவர் எத்தனை பேர்?

இவ்வளவு வேகமாக நான் எழுத ஒரு சொந்தக் காரணமும் இருக்கிறது. இதுவரை இங்கே எழுதியதில்லை.

தொண்ணூறுகளில் ஒரு மார்கழி. மூன்றாம் ஷிப்ட் முடிந்து ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தேன். பண்ருட்டி ரோட்டில் ஒரு அம்பாசடர் டாக்சி புளியமரத்தில் மோதி நின்றது. நள்ளிரவு வாக்கில் மோதியிருக்கிறது, விடியும்போது பால்காரர் பார்த்துச் சத்தம் போட்டிருக்கிறார். டிரைவர் மட்டும்தான். இரண்டு தொடையும் டாஷ்போர்டுக்கும் சீட்டுக்கும் நடுவில். நினைவு இருந்தது. "அண்ணே, காலை மட்டும் எடுத்து விடுங்க" என்றார். யாரோ கேஸ் கட்டிங் செட் எடுத்துவர ஓடினார்கள். பெட்ரோல் வாடை மூக்கைத் துளைத்தது; நான்தான் கத்தித் தடுத்தேன். பக்கத்து லாரி பட்டறையிலிருந்து செயின் புல்லி பிளாக் வந்தது. ஒரு முனையை இன்னொரு மரத்தில் கட்டி, இன்னொரு முனையை ஸ்டியரிங் ராடில் மாட்டி, அங்குலம் அங்குலமாக இழுத்தோம். முக்கால் மணி நேரம். கால் வெளியே வந்தது. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். என் முதுகிலும் இரண்டு பேர் தட்டினார்கள்.

அன்று சாயங்காலம் அவர் இறந்துவிட்டார்.

வெகு நாள் கழித்து ஒரு டாக்டர் நண்பர் விளக்கினார். மணிக்கணக்காக நசுங்கிக் கிடந்த சதையில் சேரும் விஷம், அழுத்தத்தை எடுத்த நிமிடம் ரத்தத்தில் பாய்ந்து இதயத்தையும் சிறுநீரகத்தையும் தாக்குமாம். அதனால் மாட்டிக்கொண்டு இருக்கும்போதே நரம்பில் டிரிப்ஸ் ஏற்றிவிட்டுத்தான் விடுவிக்க வேண்டுமாம். அவர் அதனால்தான் இறந்தாரா என்று எனக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் கை தட்டல் சத்தம் மட்டும் இன்னும் காதில் இருக்கிறது. எனக்கு நல்ல மனசு இருந்தது, ஓரளவு மூளையும் இருந்தது. இல்லாதது பயிற்சி. அதனால்தான் "நம்ம ஆளுங்க சளைச்சவங்களா" என்ற வரி என்னைச் சுட்டது.

"விமான விபத்து எப்போதோ ஒரு தடவை, அதுக்குப் போய் லட்சக்கணக்கில் செலவா?" என்று அடுத்து கேட்பார்கள், தெரியும். விமானத்துக்காக மட்டும் நான் கேட்கவில்லையே. அதே ஸ்ப்ரெடரும் கட்டரும் விக்கிரவாண்டி – தஞ்சாவூர் சாலையில் நசுங்கும் பஸ்ஸுக்கும் லாரிக்கும் தினமும் வேண்டும். ஓடுதளம் வருவதை ஒரு சாக்காக வைத்துக் கேட்டால்தான் உண்டு, ஏனென்றால் பஸ்ஸில் போகிறவனுக்காக யாரும் வாங்க மாட்டார்கள். இது கசப்பான பேச்சுதான்.

ஓடுதளத்துக்கு என்ன வேண்டும் என்பதும் ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. விமானத்தின் நீளத்தையும் அகலத்தையும் வைத்து ஒன்று முதல் பத்து வரை தீயணைப்பு வகை பிரித்திருக்கிறார்கள். நம் ஊருக்கு வரக்கூடிய பத்தொன்பது இருக்கை ரகம் மூன்றாம் வகையில் வரும். ஒரே ஒரு வண்டி, நுரைக்கு ஆயிரத்துச் சொச்சம் லிட்டர் தண்ணீர். ஓடுபாதையின் எந்த மூலைக்கும் மூன்று நிமிடத்துக்குள் போய்ச் சேர வேண்டும், முடிந்தால் இரண்டில். இதைச் செய்ய முடியாத ஊரா இது? பூமிக்கு அடியிலிருந்து பழுப்பு நிலக்கரியை வெட்டி எடுத்து மாநிலத்துக்கே விளக்கு ஏற்றிய ஊர். ரிட்டயர் ஆன ரிக்கர்களும் ஃபிட்டர்களும் வெல்டர்களும் இந்திரா நகரிலும் வடக்குத்திலும் திண்ணைக்கு இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறோம். கூப்பிட்டால் வந்து கட்டை அடுக்கச் சொல்லிக் கொடுப்போம், காபி மட்டும் போதும்.

குழுவில் இதற்கு மேல் சண்டை போடவில்லை. அட்மின் ஏற்கெனவே ஒரு தடவை என்னை எடுத்துவிட்டுத் திரும்பச் சேர்த்தவர். அதற்குப் பதிலாகத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதிவிட்டேன். மூன்றே கேள்விகள்: கடலூர் மாவட்டத் தீயணைப்பு நிலையங்களில் எந்தெந்த நிலையத்தில் ஹைட்ராலிக் கட்டரும் ஸ்ப்ரெடரும் இருக்கின்றன, கடைசியாக அவற்றை ஓட்டிப் பார்த்த தேதி என்ன, அதில் பயிற்சி பெற்றவர்கள் எத்தனை பேர். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டியாகிவிட்டது. திங்கட்கிழமை தபாலில் போகிறது. முப்பது நாளில் பதில் வர வேண்டும். வந்ததும் அப்படியே இங்கே போடுகிறேன்.