கறுத்த முகமும் லைட் மீட்டரும்

கேமராவின் லைட் மீட்டர், எதிரில் இருப்பது எதுவானாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக, ஏறத்தாழ 18 சதவீத ஒளியைத் திருப்பியனுப்பும் பொருளாகவே கணக்கிடும். கறுத்த முகம் படத்தை நிறைத்தால் எக்ஸ்போஷரைக் கூட்டிவிடும், தோல் வெளிறிப்போகும். அதே ஆள் வெள்ளை வேட்டியோடு வெயில் பட்ட சுவர் முன் நின்றால் குறைத்துவிடும். கண்ணும் மூக்கும் இருட்டில் கரையும்.

திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் இந்தச் சிக்கல் ஒரே முகத்தில் வந்து நிற்கும். சாமியார்களின் கறுத்த நெற்றியில் வெள்ளை விபூதிப் பட்டை, அதன் கீழே நரைத்த தாடி. விபூதிக்கும் தோலுக்கும் மூன்று ஸ்டாப் வரை வித்தியாசம் இருக்கலாம். அளக்க வேண்டியது கன்னத்தை. ஸ்பாட் மீட்டரிங்கில் கன்னத்தை அளந்து, நிறத்துக்கேற்ப ஒரு ஸ்டாப்போ சற்றுக் கூடவோ குறைத்தால் தோல் தன் நிறத்தில் நிற்கும், விபூதியின் திட்டுத்திட்டான பூச்சும் அழியாது. ரா ஃபைலாக எடுத்தால் பின்னால் திருத்த இடமிருக்கும்.

எக்ஸ்போஷரைவிடப் பெரிய விஷயம் ஒளியின் திசை. எண்ணெய்க் காப்பிட்ட கருங்கல் சிலையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. பக்கத்து விளக்கின் சுடர் கல்லில் வழுக்கி ஓடும் இடத்தில்தான் தோளும் கன்னமும் திரண்டு தெரியும். கறுத்த தோலும் அப்படியே. மேற்பரப்பின் மினுமினுப்பே அதன் வடிவத்தை வரைகிறது. ஆகவே பக்கவாட்டிலிருந்து வரும் அகன்ற ஒளி வேண்டும்: ஜன்னல், திண்ணை, மண்டபத்தின் வாயில். நேர் ஃப்ளாஷ் நெற்றி வியர்வையில் வெள்ளைப் புள்ளியாகக் குத்தும். இருண்ட பக்கத்தில் ஒரு தெர்மோகோல் அட்டை பிடித்தாலே போதும். பின்னணி கருப்பானால் தலைமுடி அதில் மறையும். நடுத்தர நிறச் சுவர் நல்லது.

பிற்பகலில் திருவண்ணாமலைக் கோயிலின் 217 அடி ராஜகோபுரத்தின் நிழல் கிழக்கே சாய்கிறது. அந்த நிழலில் நிற்பவர் முகத்தில் திறந்த வானத்தின் மெல்லொளி விழும். அதில் நீலம் ஏறும் என்பதால், ஒயிட் பேலன்ஸை நிழலுக்கு மாற்றாவிட்டால் தோலின் செம்மை செத்துவிடும்.

கோடாக்கின் ‘ஷெர்லி’ மாதிரி அட்டையில் இருந்த வெள்ளைக்காரப் பெண்ணை வைத்தே ஃபிலிம் லேப்கள் பல்லாண்டு தோல் நிறத்தைச் சரிபார்த்தன. 2017-இல் சென்னையில் நரேஷ் நீலும் பரத்வாஜ் சுந்தரும் தெய்வங்களைக் கறுத்த மேனியோடு படமாக்கிய ‘டார்க் இஸ் டிவைன்’ வரிசை அந்த வழக்கத்துக்கு நேர் எதிர். கல்யாண ஆல்பம் போடும் ஸ்டூடியோக்காரர்களும் முகத்தை வெளுக்கவைப்பதை விட்டு, இருக்கிற நிறத்துக்கு ஒளி அமைக்க வேண்டும்.