புத்தளக் கரையோரம்: எழுத்தாளர் தங்கினால்தான் இலக்கியம் தங்கும்

பிரதேச செயலகங்கள் நடத்தும் இலக்கிய விழாக்களின் நிகழ்ச்சி நிரல் பெரும்பாலும் ஒன்றுபோலவே அமைந்திருக்கும். கவிதை, சிறுகதை, பேச்சு ஆகியவற்றில் போட்டிகள் நடைபெறும். மூத்தோருக்குப் பொன்னாடையும் இளையோருக்குச் சான்றிதழும் வழங்கப்படும். அதிதிகள் உரையாற்றி விடைபெறுவர். இவை தேவையற்றவை அல்ல. எனினும், விழா முடிந்த மறுநாள், பரிசு பெற்ற மாணவி தனது அடுத்த கதையை எழுதி முடித்துவிட்டு அதனை யாரிடம் காட்டுவாள் என்ற வினா எஞ்சி நிற்கிறது. ஒரு பிரதேசத்தில் இலக்கியச் சமூகம் உருவாகுமா, உருவாகாதா என்பதை விழாவின் சிறப்பைவிட இந்த வினாவுக்கான விடையே தீர்மானிக்கிறது.

மேலை நாடுகளில் இதற்கென ‘வதிவிட எழுத்தாளர்’ என்றொரு முறை உண்டு. பல்கலைக்கழகமோ நூலகமோ ஓர் எழுத்தாளரை அழைத்து, குறிப்பிட்ட காலம் அங்கேயே தங்கி எழுதவும் எழுத முனைவோருடன் உரையாடவும் வாய்ப்பளிக்கும். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் 1967ஆம் ஆண்டு முதல் உலகின் பல நாட்டு எழுத்தாளர்களை இவ்வாறு வரவழைத்து வருகிறது. தமிழுக்கும் இது முற்றிலும் அந்நியமானதன்று. பள்ளிப் படிப்பை நிறைவுசெய்யாத கரிசல் எழுத்தாளர் கி. ராஜநாராயணனை நாட்டார் வழக்காற்றியலுக்கெனப் பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகம் பேராசிரியர் நிலையில் அமர்த்தியது. நாகர்கோவிலில் சுந்தர ராமசாமியின் இல்லமும் அவர் நடத்திய ‘காகங்கள்’ கூட்டங்களும் பலருக்குப் பயிற்சிக் களமாயின. நமது நாட்டிலும், யாழ்ப்பாணத்தில் பிறந்த ஏ.எம்.ஏ. அஸீஸ் 1942இல் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்குச் சென்றார். அங்கு தங்கியிருந்த குறுகிய காலத்திலேயே சுவாமி விபுலாநந்தர் போன்றோருடன் பழகி, அப்பகுதி முஸ்லிம்களின் கல்வி எழுச்சிக்கு வித்திட்டார். ஆற்றல் மிக்க ஒருவர் ஓர் ஊரில் தங்குவதனால் விளையும் பயனுக்கு இவை சான்றுகளாகும்.

புத்தள மாவட்டக் கரையோரத்திற்கு இந்த உண்மை புதியதன்று. 1344இல் இங்கு வந்திறங்கிய இப்னு பதூதா, ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்ததைத் தமது பயண நூலில் பதிவு செய்தார். அவர் வழிப்போக்கர். ஆனால், கற்பிட்டியில் 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி இந்த மண்ணிலேயே வாழ்ந்து, இங்கேயே பதவி வகித்து எழுதியவர். 1834இல் வெளிவந்த அவரது இலங்கை விபரத்திரட்டும், தமிழ்ப் புலவர் வரலாறுகளைத் தொகுத்து 1859இல் வெளியிட்ட ‘தமிழ் புளூட்டாக்’ நூலும் பின்வந்த ஆய்வாளர்களுக்கு அடித்தளமாயின. தலைநகரிலோ யாழ்ப்பாணத்திலோ அன்றி, இக்கரையோரத்தில் பணிபுரிந்த ஒருவரிடமிருந்தே இப்பெரும்பணி பிறந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

இக்கரையோரத்தின் மொழிவளமும் சாதாரணமானதன்று. உடப்பில் கரைவலை இழுக்கும் மீனவர்களின் அம்பாப் பாடல்கள், முஸ்லிம் கிராமங்களின் வாய்மொழி மரபுகள், சிரம்பியடியில் வாழும் காபிரி மக்களின் மஞ்சப் பாடல்கள் என அது பல தளங்களில் விரிகிறது. இம்மண்ணின் வரலாற்றையும் மரபுகளையும் எழுத்தில் கொணர்ந்த ஏ.என்.எம். ஷாஜஹான், எழுத்தாளர் ஜவாத் மரைக்கார், உடப்பூர் வீரசொக்கன் போன்றோர் பெரும் நிறுவனப் பின்புலம் எதுவுமின்றித் தத்தம் சொந்த முயற்சியால் இயங்கியவர்கள்.

1990 ஒக்டோபரில் இந்தப் பிரதேசத்தின் சமூக அமைப்பே மாறியது. விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்களில் பெரும்பாலானோர் புத்தள மாவட்டத்திலேயே தஞ்சம் புகுந்தனர். மன்னார்த் தீவிலிருந்து படகுகளில் கற்பிட்டிக் கரைக்கு வந்தவர்கள் உண்டு. இரண்டு மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறியவர்களும் உண்டு. அவர்களுள் ஆசிரியர்களும் உலமாக்களும் வாசகர்களும் எழுத்தாளர்களும் இருந்தனர். யாழ்ப்பாணத் தமிழும் மன்னார்த் தமிழும் புத்தளத் தமிழும் ஒரே வகுப்பறையில் சந்தித்தன. நீரையும் நிலத்தையும் பாடசாலை இடங்களையும் பகிர்வதில் உள்ளூர் மக்களுக்கும் வந்தவர்களுக்கும் இடையே உரசல்கள் எழுந்ததை மறைப்பதற்கில்லை. அந்த உரசல்களும், அவற்றை மீறி மலர்ந்த உறவுகளும் இலக்கியத்திற்கு உரிய கருப்பொருள்களே.

இவ்வெளியேற்றம் குறித்து எருக்கலம்பிட்டியைச் சேர்ந்த பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ் 2001இல் வெளியிட்ட ஆய்வும், மக்கள் ஆணைக்குழுவொன்றின் 2011ஆம் ஆண்டு அறிக்கையும் பெறுமதி மிக்கவை. ஆயினும் அவை ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஆய்வுகள். ஓலைக் குடிசையில் பிறந்து, தான் காணாத ஓர் ஊரைச் ‘சொந்த ஊர்’ என்று சொல்லி வளர்ந்த தலைமுறையின் மனநிலையை அறிக்கைகள் சொல்லிவிட இயலாது. தமிழகத்தின் தேங்காய்ப்பட்டணம் என்ற சிறு கரையோர ஊரைத் தோப்பில் முஹம்மது மீரான் தமிழ் நாவலின் நிலையான களமாக்கினார். அவ்வூரின் பேச்சையும் ஏற்றத்தாழ்வுகளையும் உள்ளிருந்து அறிந்தமையே அவருக்கு அதைச் சாத்தியமாக்கியது. புத்தளக் கரையோரத்தில் அத்தகைய நாவல்களுக்கான வாழ்வனுபவம் நிறைந்து கிடக்கிறது. அதை அறிந்தவர்கள் முதுமையடைந்து வருகின்றனர் என்பதே நமது கவலை.

எழுத்தாளர் ஒருவர் இங்கு தங்கி வாழ்வதற்குப் பாதுகாப்பும் வேண்டும். மன்னாரைச் சேர்ந்த இளம் கவிஞர் அஹ்னாப் ஜஸீம் புத்தளப் பகுதியில் ஆசிரியராகப் பணியாற்றிக்கொண்டிருந்தபோது, 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். 2017இல் வெளிவந்த அவரது ‘நவரசம்’ கவிதைத் தொகுதி தீவிரவாதத்தைத் தூண்டுவதாகக் குற்றஞ்சாட்டப்பட்டது. வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகள் அத்தொகுதியில் இருப்பதைத் தமிழறிந்தோர் பலர் எடுத்துக்காட்டினர். சுமார் 19 மாதங்களின் பின்னர், 2021 டிசம்பரில் அவருக்குப் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. நீதி கிடைத்தது, ஆனால் இழந்த காலம் திரும்பாது. மாணவர்களிடையே வாழ்ந்த ஒரு கவிஞருக்கு நேர்ந்த இக்கதியைக் கண்ட இளையோர் பேனாவை எடுக்கத் தயங்கினால் அதில் வியப்பில்லை. தமிழ்க் கவிதையைத் தமிழறியாதோர் ஐயத்துடன் நோக்கும் சூழலில், அதை வாசித்து விளக்கவல்ல ஓர் இலக்கியச் சமூகம் அவ்விடத்திலேயே இருப்பது எத்துணை அவசியம் என்பதையும் இவ்வழக்கு உணர்த்துகிறது.

மற்றொரு படிப்பினையும் இதே கரையில் உண்டு. சிலாபத்திலிருந்து நீர்கொழும்பு வரையிலான கரையோரத்தில் ஒரு காலத்தில் தமிழ் பேசிய கத்தோலிக்க மக்களில் பெரும்பாலானோர், பாடசாலைகளின் போதனாமொழி மாறியதைத் தொடர்ந்து சில தலைமுறைகளுக்குள் சிங்களத்தைத் தம்மொழியாக்கிக்கொண்டனர். அது அவர்களது தெரிவு எனலாம். ஆயினும், பாடசாலையும் எழுத்தும் கைவிட்டால் வீட்டுமொழி மட்டும் நெடுங்காலம் தாக்குப்பிடிக்காது என்பதை அது காட்டுகிறது. 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, 7 இலட்சத்து 62 ஆயிரம் பேர் வாழும் இம்மாவட்டத்தில் முஸ்லிம்கள் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கினர். தமிழர்கள் அதனினும் குறைவு. இங்கு தமிழ் எழுத்து தானாகவே தழைத்துவிடும் என்று நம்பியிருப்பது பேதைமை.

தேவை இலக்கியத்திற்கு மட்டும் உரியதன்று. 2011இல் இயங்கத் தொடங்கிய நுரைச்சோலை அனல்மின் நிலையம், 2019இல் கொழும்பின் குப்பைகளை அருவக்காட்டுக்குக் கொண்டுவந்தமைக்கு எதிராக எழுந்த மக்கள் போராட்டம் ஆகியவை தேசிய ஊடகங்களில் சில நாட் செய்திகளாகி மறைந்தன. ஓர் ஊரின் துயரைத் தொடர்ந்து எழுதுவதற்கு அவ்வூரில் வாழும் எழுத்தாளர் வேண்டும்.

செய்யக்கூடியவை பல. முதலாவதாக, மாகாணக் கல்வித் திணைக்களமும் கலாசார அலுவல்கள் திணைக்களமும் இணைந்து, ஆண்டுக்கு ஓர் எழுத்தாளரையேனும் ஆறு மாதங்கள் இம்மாவட்டத்தில் தங்கவைக்கலாம். தங்குமிடமும் ஒரு நூலக அறையும் சிறு கொடுப்பனவும் போதும். அவர் வாரந்தோறும் மாணவர்களின் படைப்புகளைப் படித்துத் திருத்துவதும், முதியோரின் நினைவுகளைப் பதிவு செய்விப்பதும் நிபந்தனைகளாகட்டும். இரண்டாவதாக, எழுதும் ஆற்றலுள்ள ஆசிரியர்களுக்கு இப்பணிக்கென நேரம் ஒதுக்கிக் கொடுக்கலாம். மூன்றாவதாக, இங்கு விளையும் கையெழுத்து ஏடுகளையும் மலர்களையும், 2005 முதல் ஈழத்து நூல்களை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனம் போன்றவற்றின் வழியே பேணலாம்.

நிதி நெருக்கடிக் காலத்தில் இது ஆடம்பரம் என்று சிலர் வாதிடக்கூடும். விழாவொன்றின் மேடைக்கும் மலருக்கும் ஆகும் செலவுடன் ஒப்பிட்டால் அவ்வாதம் வலுவிழந்துவிடும். அரசியல் செல்வாக்கினால் தகுதியற்றோர் தெரிவாகலாம் என்ற அச்சம் நியாயமானதே. எனவே தெரிவை அரசியல்வாதிகளிடம் விடாது, முஸ்லிம், இந்து, கத்தோலிக்கக் கல்விமான்களும் எழுத்தாளர்களும் அடங்கிய குழுவிடம் ஒப்படைத்தல் வேண்டும். கற்பிட்டியிலும் உடப்பிலும் புத்தளம் நகரிலும் மாறிமாறித் தங்கும் எழுத்தாளர், அருகருகே வாழ்ந்தும் ஒருவரையொருவர் வாசிக்காத சமூகங்களை வாசிக்க வைப்பார்.

அரசு முன்வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும் பழைய மாணவர் அமைப்புகளும் பள்ளிவாசல், ஆலய நிர்வாகங்களும் சேர்ந்து, முதலில் ஓர் எழுத்தாளருக்கு, ஒரு பாடசாலைத் தவணைக்கேனும், ஓர் அறையைத் திறந்துவிடட்டும்.