உட்கார்ந்தே இருக்காதீங்க அம்மா!

திருநெல்வேலி, பாளையங்கோட்டைப் பக்கம் அமெரிக்காவில் இருக்கும் மகளுக்குப் பிரசவம் என்றால் அப்பாவும் அம்மாவும் கிளம்பிவிடுகிறார்கள். டிக்கெட் போடுவது பிள்ளைகள். விலை குறைவு என்று, நடுவில் சிங்கப்பூரில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் காத்திருக்கிற மாதிரி போட்டுவிடுவார்கள். கூடவே ஓர் உத்தரவு: "அம்மா, எங்கேயும் போகாதீங்க. உட்கார்ந்த இடத்திலேயே இருங்க!"

பாசத்தில் சொல்வதுதான். ஆனால் உடம்புக்கு இது நல்லதல்ல.

தினமும் குறுக்குத்துறைக்கு நடந்துபோய் தாமிரபரணியில் குளித்துவிட்டு வருகிறவரை ஒரே நாற்காலியில் கட்டிப்போட்டால் என்ன ஆகும்? கால் அசையாவிட்டால் ரத்தம் தேங்கி உறையலாம். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் இந்த அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் சொன்னது. எல்லோருக்கும் வந்துவிடாது, வயதானவர்களும் குண்டானவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

அப்படியானால் வெளியே போகலாமா? போகலாம், காகிதம் சரியாக இருந்தால். அமெரிக்க விசா வைத்திருக்கும் இந்தியர்களுக்கு, சிங்கப்பூர் விசா இல்லாமலே 96 மணி நேரம் வரை ஊருக்குள் போய்வர ஒரு சலுகை உண்டு. ஆனால் அந்த விசாவில் ஒரு தடவையாவது அமெரிக்கா போயிருக்க வேண்டும். ஆகவே முதல் பயணத்தில் போகும்போது முடியாது, திரும்பும்போது முடியும். அடுத்த விமான டிக்கெட் கையில் வேண்டும். வருகை அட்டையை மகளே இன்டர்நெட்டில் நிரப்பிவிடலாம். கடைசி முடிவு அதிகாரியுடையது. விதிகள் மாறும், கிளம்பும் முன் சரிபார்த்துவிடுங்கள்.

தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று, பயம் வேண்டாம். சிராங்கூன் ரோடு வீரமாகாளியம்மனைக் கும்பிட்டுவிட்டு, விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே திரும்பிவிடுங்கள்.

சர்க்கரை, பிரஷர் மாத்திரையும் இன்சுலினும் கைப்பையில்தான் இருக்க வேண்டும், டாக்டர் சீட்டோடு. சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி முந்தி. எந்த மருந்து எப்போது என்று டாக்டரிடம் முன்பே எழுதி வாங்குங்கள். சில தூக்க மாத்திரைகளுக்கும் கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் அங்கே முன் அனுமதி தேவைப்படலாம். வெற்றிலையோடு போடுகிற புகையிலைக்கு அங்கே தடை, ஊரிலேயே விட்டுவிடுங்கள்.

முட்டிவலிக்காரர்களும் களைத்துப்போனவர்களும் வெளியே போயே ஆக வேண்டும் என்பதில்லை. விமான நிலையத்துக்குள்ளேயே மணிக்கொரு தரம் எழுந்து நாலு எட்டு நடக்கட்டும், தண்ணீர் குடிக்கட்டும்.

பிள்ளைகளே! டிக்கெட் விலையோடு அப்பா, அம்மாவின் காலையும் கணக்கில் சேருங்கள்.