கிளச் இல்லாமல் வீடு வரலாம், பிள்ளைகளை ஏற்றலாமா?



கொஞ்சம் நீளமான பதிவு. ஹந்தானைப் பக்கம் வாகனம் ஓட்டுபவர்களும், பிள்ளைகளை ஸ்கூல் வேனில் அனுப்புபவர்களும் நேரம் எடுத்து வாசியுங்கள்.

போன கிழமை நம்ம ஊர் வட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. நம்ம பொடியன் ஒருவன் ஹந்தானை வீதியில் கார் ஓட்டுகிறான். கெமரா அவனுடைய இடது காலைக் காட்டுகிறது. கால் தரையில் சும்மா கிடக்கிறது, கிளச்சைத் தொடவே இல்லை. கை மட்டும் கியரை ஒன்று, இரண்டு, மூன்று என்று மாற்றுகிறது. ஒரு சத்தம் இல்லை. கீழே நாற்பது ஐம்பது பேர் கைதட்டி இருந்தார்கள். "சேர், இது உண்மையா, எடிட்டா?" என்று என் பழைய மாணவன் ஒருவன் என்னைக் கேட்டிருந்தான்.

உண்மைதான். எனக்கும் தெரியும். என் வாப்பா லொறி ஓட்டினவர். எனக்குக் கற்றுத் தந்தது அவர்தான். அதனால் அந்தப் பொடியனை ஏச வரவில்லை. அவன் காட்டியது ஒரு வித்தை. அது எங்கே உதவும், எங்கே உயிரை எடுக்கும் என்பதை அவன் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் விஷயத்தை விளங்கிக் கொள்வோம். கிளச் என்பது எஞ்சினையும் கியர் பெட்டியையும் கொஞ்ச நேரம் பிரித்து வைக்கும் சாமான். வாகனம் போகும் வேகம் ஒன்றாக இருந்தாலும், ஒவ்வொரு கியருக்கும் எஞ்சின் வேறு வேறு வேகத்தில் சுற்ற வேண்டும். ஒரு சிறிய கார் இரண்டாம் கியரில், நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடுகிறது என்று வையுங்கள். அதே வேகத்தில் மூன்றாம் கியருக்குப் போனால் ஏறத்தாழ 2000 சுற்றுப் போதும். கிளச்சை மிதித்தால் இந்த வித்தியாசத்தை அது தாங்கிக்கொள்ளும். மிதிக்காவிட்டால் நாமே கணக்குப் பார்த்து ஒத்து வைக்க வேண்டும். எக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, இழுவை விட்ட அந்த நொடியில் கியரை நியூட்ரலுக்கு எடுத்து, எஞ்சின் சத்தம் இறங்கும் வரை பொறுத்து, சரியான இடம் வரும்போது கியரை மெதுவாகத் தள்ளினால் அது தானாக விழும். கியரை இறக்குவதற்கு இதற்கு நேர்மாறு. நியூட்ரலுக்கு எடுத்து, எக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்து எஞ்சின் வேகத்தை ஏற்றிவிட்டுத்தான் போட வேண்டும்.

நம்ம பெரியவர்களுக்கு இது புதினம் இல்லை. அந்தக் காலத்து லொறிகளிலும் பஸ்களிலும் கியர் சுலபமாக விழாது. டபல் கிளச் போட்டுத்தான் மாற்றினார்கள். அதாவது ஒரு மாற்றத்துக்குக் கிளச்சை இரண்டு தரம் மிதிப்பது. கியர்களின் வேகத்தைத் தானாக ஒத்துவைக்கும் சிங்ரோமெஷ் என்ற அமைப்பு 1928 இல் அமெரிக்காவில் கெடிலெக் காரில் வந்தது. அதற்குள் இருப்பது பித்தளை வளையங்கள். இன்று நம்ம கார், வேன் எல்லாவற்றிலும் கியர் வெண்ணெய் மாதிரி விழுவதற்கு அந்த வளையங்கள்தான் காரணம். கிளச் இல்லாமல் தினமும் மாற்றினால் முதலில் தேய்வதும் அவைதான்.

அமெரிக்காவில் பெரிய லொறி ஓட்டுபவர்கள் இன்றும் கிளச் மிதிக்காமல் மாற்றுகிறார்கள் என்று சிலர் எழுதியிருந்தார்கள். சரிதான். ஆனால் அந்தக் கியர் பெட்டிகளில் இந்த வளையங்களே இல்லை. அவர்களும் புறப்படும்போதும் நிற்கும்போதும் கிளச்சை மிதித்தே ஆக வேண்டும். இந்தப் "புறப்படும்போது" என்ற சொல்லை ஞாபகம் வையுங்கள், பிறகு வருகிறேன்.

இப்போது என் கதை. இரண்டு வருடத்துக்கு முன் ஓர் இரவு, உம்மாவை ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வீட்டுக்கு வருகிறேன். ஹந்தானை வீதி ஏறத் தொடங்கும் இடத்தில் கிளச் கேபிள் அறுந்துவிட்டது. பெடல் அப்படியே தரையில் படுத்துக்கொண்டது. மழை வேறு. உம்மா முன் சீட்டில் கண்ணை மூடிச் சாய்ந்திருக்கிறார்.

எஞ்சினை நிறுத்தினேன். முதல் கியரில் போட்டேன். ஹேண்ட் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்பினேன். என்னுடையது பழைய கார் என்பதால் முடிந்தது. புதிய வாகனங்கள் பலவற்றில் கிளச்சை மிதிக்காமல் ஸ்டார்ட்டே ஆகாது. கார் ஒரு குதி குதித்து நகரத் தொடங்கியது. அப்படியே முதல் கியரிலேயே, ஒவ்வொரு வளைவிலும் ஹோர்ன் அடித்துக்கொண்டு, எங்கும் நிற்காமல் வீட்டு கேட் வரை ஏறிவிட்டேன். உம்மா இடையில் ஒரு தரம் கண்ணைத் திறந்து, "ஏன் மகன் இவ்வளவு மெதுவாப் போற?" என்றார். "மழை உம்மா" என்றேன்.

அன்று நான் கியர் மாற்றவே இல்லை. மாற்றத் தெரிந்தும் மாற்றவில்லை. அடுத்த நாள் காலையில் அதே காரை கராஜுக்கு இறக்கிக்கொண்டு போகவும் இல்லை. கராஜ்காரரை மேலே வரச் சொல்லி, வீட்டு வாசலிலேயே கேபிள் போட்டோம். ஏனென்றால் ஏறுவது வேறு, இறங்குவது வேறு.

நம்ம பாதையை யோசித்துப் பாருங்கள். 1925 இல் கட்டிய ஹந்தானைத் தேயிலைத் தொழிற்சாலைதான் 2001 முதல் தேயிலை நூதனசாலையாக இருக்கிறது. ஒரு காலத்தில் அங்கே தேயிலை ஏற்றிய லொறிகளும் இந்தச் சரிவில்தான் இறங்கின. வாப்பா அடிக்கடி சொல்வார்: "எந்தக் கியர்ல ஏறினாயோ அந்தக் கியர்லயே இறங்கு. இறக்கம் தொடங்க முன்னமே கியரைப் போட்டுடு. இறக்கத்துல வைத்துத் தேடாதே." இதற்குக் காரணம் இருக்கிறது. மலை இறங்கும்போது நம்மைப் பிடித்து வைப்பது பிரேக் மட்டுமல்ல. கியரில் இருக்கும் எஞ்சினும்தான் பிடிக்கிறது. எஞ்சின் பிடி இல்லாவிட்டால் முழுப் பாரமும் பிரேக்கில் விழும். பிரேக் சூடாகும். சூடு அளவுக்கு மிஞ்சினால் எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது.

இப்போது இறக்கத்தில் கிளச் இல்லாமல் மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றுகிறீர்கள். முதலில் நியூட்ரலுக்கு எடுக்க வேண்டும். எடுத்த நொடியிலிருந்து எஞ்சின் பிடி இல்லை. சரிவில் வாகனம் வேகம் எடுக்கிறது. வேகம் கூடக் கூட, இரண்டாம் கியர் விழுவதற்கு எஞ்சினை இன்னும் ஏற்ற வேண்டும். ஒரு தரம் தவறினால் அடுத்த தரம் இன்னும் கஷ்டம். கியரும் விழாது, பழைய கியருக்கும் திரும்ப முடியாது. கையில் மிஞ்சுவது சூடாகும் பிரேக் மட்டும்தான். சம தரையில் இதே பிழையை விட்டால் "கர்ர்" என்று ஒரு சத்தம் கேட்கும், அவ்வளவுதான். ஹந்தானையில் ஒரு பக்கம் பள்ளம்.

மலைநாட்டில் இருக்கும் நமக்கு உதாரணம் தேடப் போகத் தேவையில்லை. 2023 ஜனவரி 20 அன்று நானுஓயா ரதெல்ல இறக்கத்தில், சுற்றுலா வந்த பாடசாலைப் பிள்ளைகளின் பஸ் ஒரு வேனிலும் முச்சக்கர வண்டியிலும் மோதி 7 பேர் மௌத்தானார்கள். 2025 மே 11 அன்று கொத்மலை கரண்டி எல்லயில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20 பேருக்கு மேல் போய்ச் சேர்ந்தார்கள். இந்த இரண்டும் கிளச்சால் நடந்தவை என்று நான் சொல்லவில்லை. நம்ம மலைப் பாதையில் ஒரு பிழைக்கு என்ன விலை என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

கொஞ்ச நாளைக்கு முன் காலையில் வாகனத்துக்காகச் சந்தியில் நிற்கிறேன். பிள்ளைகள் ஏறும் ஒரு வேன் வந்து நின்றது. எஞ்சினும் நின்றது. ஒரு சின்னப் பிள்ளை பேக்கைத் தூக்கிக்கொண்டு வேனுக்கு முன்னால் பாதையைக் கடந்து ஓடி வந்து ஏறியது. பிறகு சாவி திரும்பிய சத்தம். வேன் ஒரு குதி குதித்துப் புறப்பட்டது. எனக்கு அந்தக் குதி தெரியும். என் கார் அன்று இரவு போட்ட அதே குதி.

பின்னேரம் அந்த நானாவைக் கண்டு கதைத்தேன். அவர் மறைக்கவில்லை. "கிளச் வேலை செய்யல்ல சேர். ரெண்டு கிழமையா இப்படித்தான். பழகிட்டு, ஒரு பிரச்சினையும் இல்ல" என்றார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் எஞ்சினை நிறுத்தி, கியரில் வைத்தபடியே ஸ்டார்ட் பண்ணி ஓட்டுகிறார். சாவியைத் திருப்பும் அந்த நேரத்தில் ஒரு பிள்ளை வேனுக்கு முன்னால் இருந்தால்? விழுந்த பென்சிலை எடுக்கக் குனிந்திருந்தால்? அந்தக் குதியை நிறுத்த யாராலும் முடியாது. அவர் கை எவ்வளவு பழகிய கையாக இருந்தாலும் முடியாது.

எனக்குக் கோபம் வந்தது. "ஏன் நானா திருத்தல்ல?" என்று கேட்டேன்.

அவர் சொன்ன பதிலுக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. "கியர் பெட்டிய இறக்கோணும் சேர். ரெண்டு நாள் வேன் நிக்கும். ரெண்டு நாள் நின்டா மூணு வீட்டுக்காரங்க வேற வேன் பார்த்துடுவாங்க. நோன்பு லீவுக் காசும் யாரும் தரல்ல. சாமான் விலை உங்களுக்குத் தெரியும்தானே."

தெரியும். 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனபோது சாமான் விலைகளும் ஏறின. 2020 மார்ச்சிலிருந்து 2025 பெப்ரவரி வரை கார், வேன் இறக்குமதி நின்றதால் பழைய வாகனங்களையே ஒட்டி ஒட்டி ஓட்டினோம். சமாளிப்பது நமக்குப் பழகிவிட்டது. சமாளித்தவனைக் கெட்டிக்காரன் என்கிறோம். நானும் அன்று இரவு வீட்டுக்கு வந்து நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னவன்தான். ஆனால் நான் சமாளித்தது ஒரு தரம், வீடு வந்து சேர்வதற்கு. அந்த நானா சமாளிப்பது தினமும், நம்ம பிள்ளைகளை வைத்துக்கொண்டு. பிள்ளைகள் அமானிதம். ஒட்டகத்தைக் கட்டிய பிறகுதான் தவக்குல் என்று மத்ரஸாவில் படித்த நாம், கிளச் இல்லாத வேனில் பிள்ளையை ஏற்றிவிட்டு "அல்லாஹ் காப்பாற்றுவான்" என்று கை காட்டுகிறோம்.

குற்றம் அவருக்கு மட்டும் உரியதல்ல. லீவு மாதத்துக்கு வேன் காசு எதற்கு என்று நாம்தான் கேட்டோம். ஒரு நாள் வேன் வராவிட்டால் குழுவில் நாம்தான் கத்தினோம். வேன் நின்றால் வாடிக்கை போகும் என்ற பயத்தை அவருக்குக் கொடுத்தது நாம். என் மகளும் ஸ்கூல் வேனில்தான் போகிறாள். நோன்பு லீவுக் காசு கொடுக்காத வாப்பாமாரில் நானும் ஒருவன்.

அதனால் மூன்று விஷயம் கேட்கிறேன்.

ஒன்று: நோன்பு லீவுக்குப் பாதிக் காசாவது கொடுப்போம், வாகனத் திருத்தத்துக்கு என்று சொல்லியே கொடுப்போம். வேன் எப்படியும் நிற்கும் மாதம் அது. கியர் பெட்டியை இறக்க அதைவிட நல்ல நேரம் இல்லை.

இரண்டு: இடையில் வேன் பழுதானால், "திருத்தும் வரை யாரும் வேறு வேன் பார்க்க மாட்டோம்" என்று வாக்குக் கொடுப்போம். அந்த இரண்டு நாளும் கார் உள்ளவர்களும் த்ரீவீல் உள்ளவர்களும் முறை போட்டுப் பிள்ளைகளைக் கொண்டுபோய் விடலாம்.

மூன்று: வீடியோ போட்ட தம்பிக்கும் அவனைப் போன்றவர்களுக்கும். இந்த வித்தையைக் கற்றுக்கொள்ளுங்கள். நடு ராத்திரி கேபிள் அறுந்தால் உதவும். ஆனால் ஆள் இல்லாத சம தரையில் பழகுங்கள், நானே வந்து சொல்லித் தருகிறேன். ஹந்தானை இறக்கத்தில் வேண்டாம். அடுத்த வீடியோவில் வாப்பா சொன்னதையும் சேர்த்துப் போடுங்கள்: இறக்கம் தொடங்க முன்னமே கியரைப் போட்டுவிட வேண்டும்.

அந்த நானாவிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "பேரைப் போடாம எழுதுங்க சேர், நம்ம மத்த வேன்காரங்களும் வாசிக்கட்டும்" என்றார். அல்ஹம்துலில்லாஹ், போன செவ்வாயும் புதனும் நாங்கள் மூன்று வீட்டுக்காரர்கள் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டோம். அவர் கியர் பெட்டியை இறக்கி வேலையை முடித்தார். யாரும் வேறு வேன் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை காலை அதே சந்தியில் நின்று பார்த்தேன். வேன் வந்து நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. பிள்ளை ஏறி உட்காரும் வரை நானா இடது காலைக் கிளச்சில் வைத்திருந்தார். குதிக்காமல் புறப்பட்டுப் போனது.

உங்கள் பிள்ளை போகும் வேன் எப்படிப் புறப்படுகிறது என்று நாளைக் காலையில் ஒரு தரம் பாருங்கள்.