நெல் அளந்த ஊர்கள்

எங்கள் திருவாலங்காட்டில் 1905-இல் கிடைத்த செப்பேடுகளைத் தொடாமல் சோழர் வரலாற்றை எழுத முடியாது. முதலாம் ராஜேந்திரன் பழையனூர் என்ற ஊரை ஆலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுத்த சாசனம் அது. மொத்தம் 31 ஏடுகள். வடமொழிப் பகுதி சோழர் குலத்தின் புகழைப் பாடுகிறது; தமிழ்ப் பகுதி பழையனூரின் எல்லையைச் சொல்கிறது. படித்துப் பதிப்பித்தவர் கல்வெட்டறிஞர் கிருஷ்ண சாஸ்திரி.

அதே ராஜேந்திரன் காலத்தில் விழுப்புரத்தை அடுத்த எண்ணாயிரம் என்ற ஊரில் ஒரு கல்லூரி நடந்தது. அதன் வரவு செலவு அங்குள்ள கல்வெட்டில் இருக்கிறது. மாணவர் 340 பேர், ஆசிரியர் 14 பேர். இளைய மாணவருக்கு நாளொன்றுக்கு 6 நாழி நெல். வியாகரணம், மீமாம்சை, வேதாந்தம் என்று மேல்நிலையில் படித்த 70 பேருக்கு ஒரு குறுணி இரண்டு நாழி. இத்தனைக்கும் சேர்த்து 45 வேலி நிலம். படிக்கிறவன் சோற்றுக்கு அலையக் கூடாது என்று ஆயிரம் ஆண்டுக்கு முன்பே ஓர் அரசு நினைத்தது பெரிய காரியம். ஆனால் அந்த 45 வேலியில் சேற்றில் இறங்கி நட்டவர்களின் பிள்ளைகள் அந்தக் கல்லூரிக்குள் நுழைந்திருக்க முடியாது. அது வேதம் ஓதும் உரிமை உள்ளவர்களுக்கான இடம். ஊர் நெல் அளந்தது. படிப்பு வேறு சிலருக்குப் போனது.

இந்த அநீதியை உடைத்ததுதான் தமிழ்நாட்டின் கடந்த நூறாண்டு உழைப்பு. பள்ளியில் சோறு, இட ஒதுக்கீடு, மாவட்டந்தோறும் அரசுக் கல்லூரிகள், அரசுப் பள்ளியில் படித்துவிட்டு உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். 2021-22 கணக்கெடுப்பின்படி உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நாடு முழுவதும் 28.4, தமிழ்நாட்டில் 47. காலையில் ஆலங்காடு ஸ்டேஷனில் பை மாட்டிக்கொண்டு மின்சார ரயிலுக்கு நிற்கும் பிள்ளைகளைப் பார்த்தாலே இது தெரியும். கரும்பு வெட்டிய வீட்டிலிருந்தும், பொதட்டூர்பேட்டைப் பக்கம் தறி ஓட்டிய வீட்டிலிருந்தும் முதல் பட்டதாரிகள் வருகிறார்கள். இதைக் குறைத்துப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடே கிடையாது. ‘எல்லாரும் டிகிரி படித்து என்ன ஆகப் போகிறது’ என்று கேட்பவர் தன் பிள்ளையைப் படிக்க வைக்காமல் விட்டதை நான் பார்த்ததில்லை.

என் ஆதங்கம் வேறு. கதவு திறந்துவிட்டது; ஆனால் உள்ளே போன பிள்ளை ஊரை விட்டு வெளியேறுவதற்கு மட்டுமே அந்தப் படிப்பு பயன்படுகிறது. சம்பளத்துக்காக ஸ்ரீபெரும்புதூருக்கோ சென்னைக்கோ போவதில் தவறில்லை. போகத்தான் வேண்டும். ஆனால் கல்லூரி என்பது ஆளை ஏற்றி அனுப்பும் இடம் மட்டும்தானா? பக்கத்தில் ஓடிப் பூண்டியில் சேரும் கொசஸ்தலை ஆற்றைப் பற்றி, ஆலங்காட்டுக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையை நம்பிக் கரும்பு போட்டவரின் கடன் பற்றி, விசைத்தறிக்காரரின் கூலி பற்றி ஆராய்ந்து, ஊராருக்குப் புரிகிற தமிழில் வந்து சொல்ல வேண்டியது யார்?

இந்தக் கேள்விக்கு 1949-லேயே ஒரு பதில் எழுதப்பட்டது. எழுதிய குழுவின் தலைவர் நமக்குப் பக்கத்துத் திருத்தணியில் 1888-இல் பிறந்த ராதாகிருஷ்ணன். அவரே ஊரை விட்டுப் போய்ப் படித்தவர்தான்: திருப்பதி, வேலூர் ஊரிசு கல்லூரி, பிறகு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. உதவித்தொகை இல்லையென்றால் அந்தப் படிப்பு நடந்திருக்காது. அவர் தலைமையில் 1948-இல் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு, கிராமப் பல்கலைக்கழகங்கள் வேண்டும் என்று தனி அத்தியாயமே எழுதியது. ஆர்தர் மோர்கன் என்ற அமெரிக்கப் பொறியாளரும் அந்தக் குழுவில் இருந்தார். சிறிய கிராமக் கல்லூரிகள் பல, அவற்றுக்கு நடுவில் ஒரு பல்கலைக்கழகம். பாதி நேரம் பாடம், பாதி நேரம் சுற்றுவட்டாரத்தில் வேலை. அவர்கள் சொன்னது இதுதான்.

தமிழ்நாட்டில் அந்த எண்ணத்துக்கு உருவம் கொடுத்தது திண்டுக்கல் பக்கம் காந்திகிராமம். டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் வளர்த்த இடம். 1956-இல் கிராமிய நிறுவனம், 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். அதன் பிறகு அந்த வழியில் நாம் பெரிதாக நடக்கவில்லை. ராதாகிருஷ்ணனின் பிறந்த நாளை ஆசிரியர் தினமாக்கி மாலை போடுகிறோம். அவர் குழு கேட்டதை அலமாரியில் வைத்துவிட்டோம். திருத்தணி வட்டாரத்துக்கே இது பெரிய இழப்பு என்பேன்.

புதுப் பல்கலைக்கழகம் கட்டும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இருக்கிற கல்லூரிகளே தொடங்கலாம். இந்தப் பக்கத்துக் கல்லூரிகளில் வரலாறு நடத்தும் பேராசிரியர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. செப்பேட்டின் தமிழ்ப் பகுதியைப் பிரதி எடுத்துக்கொண்டு உங்கள் மாணவர்களைப் பழையனூருக்கு அழைத்து வாருங்கள். அதில் சொன்ன எல்லைகளை வயல்வரப்பில் நடந்து தேடச் சொல்லுங்கள். ஏரியும் வாய்க்காலும் இப்போது என்ன நிலையில் இருக்கின்றன என்பதை எழுதச் சொல்லுங்கள். எழுதியதைக் கிராம சபையில் அவர்களே படிக்கட்டும்.