முதுகில் தடவியது வயிற்றுக்கும் போகும்!

எங்கள் வீட்டு மணியை இந்தப் பக்கத்தின் வாசகிகள் பலருக்குத் தெரியும். மோர்சாதம் என்றால் உயிரை விடுவான். குளியல் என்றால் மாடிப்படிக்கு அடியில் போய் ஒளிந்து கொள்வான். அவனால் நான் படித்த ஒரு பாடத்தை இன்று சொல்லப் போகிறேன்.

2018-ம் வருஷம், சித்திரை மாதம். வெயிலோடு உண்ணியும் வந்து சேர்ந்தது. காது மடல், கழுத்து, கால்விரல் இடுக்கு என்று எங்கே தொட்டாலும் உண்ணி. என் கணவர் கால்நடை மருந்துக் கடையிலிருந்து ஒரு சின்ன பாட்டில் வாங்கி வந்தார். "தண்ணியில கலந்து நாய் மேல விடணுமாம்" என்றார். எவ்வளவு மருந்துக்கு எவ்வளவு தண்ணீர்? ரசத்துக்குக் கண்ணளவாக உப்புப் போடுகிற கை அல்லவா நமக்கு! பக்கெட்டில் ஒரு மூடி ஊற்றினேன். உண்ணி அதிகமாக இருக்கிறதே என்று இன்னும் இரண்டு மூடி ஊற்றினேன்.

சாயங்காலம் மணி எழுந்திருக்கவில்லை. கூப்பிட்டால் கண்ணை மட்டும் திறந்தான். தூக்கி நிறுத்தினால் கால் பின்னியது. மோர்சாதத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆட்டோவில் போட்டுக் கொண்டு ஓடினோம்.

"மருந்து பாட்டிலைக் கொண்டு வந்தீங்களா?" இதுதான் டாக்டரம்மாவின் முதல் கேள்வி. நல்லவேளை, பையில் இருந்தது. கண்ணாடியைப் போட்டுக் கொண்டு லேபிளைப் படித்தார்.

"இதுல அமிட்ராஸ் இருக்கும்மா. அளவா கலந்தா உண்ணி சாகும். அளவு மீறினா நாய்க்கே மயக்கம் வரும். இதயத் துடிப்பு குறையும், ரத்தத்துல சர்க்கரை ஏறும். தோல் வழியாவும் உள்ளே போகும், உடம்பை நக்கினா வயித்துக்கும் போகும். ஒரு லிட்டர் தண்ணிக்கு இத்தனை மில்லின்னு போட்டிருக்கே, பார்க்கலையா?"

மணியை நன்றாக அலசிக் குளிப்பாட்டி, மருந்தின் வேகத்தை முறிக்க ஊசி போட்டு, டிரிப்ஸும் ஏற்றினார்கள். அதற்கு நடுவில் டாக்டரம்மா கேட்டார்: "வீட்ல சின்னக் குழந்தைங்க இருக்காங்களா?"

எனக்கு நா எழவில்லை. என் பேத்திக்கு அப்போது இரண்டு வயது. மத்தியானம் ஈரம் காயாத மணியின் கழுத்தைக் கட்டிக் கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். கட்டை விரல் வாயில்! ஓடிப் போய் அவளைக் குளிப்பாட்டி, குழந்தை டாக்டரிடம் காட்டினோம். ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அன்றிரவு முழுக்க நான் தூங்கவில்லை. மணி மறுநாள் சாயங்காலம் வாலை ஆட்டினான்.

அதற்குப் பிறகு டாக்டரம்மாவிடம் கேட்டுத் தெரிந்து கொண்டவற்றில் சில:

* நாயின் தோல் நம் தோலைப் போல அமிலத் தன்மை கொண்டதல்ல. நம் சோப்பும் ஷாம்புவும் அதற்கு ஒத்துக்கொள்வதில்லை. துணி சோப்பு காரம் மிகுந்தது. தோல் வறண்டு அரிப்பெடுக்கும்.

* பினாயிலையும், புண் கழுவும் கிருமிநாசினியையும் குளிக்கும் தண்ணீரில் கலக்காதீர்கள். பீனால், குளோரோசைலினால் போன்றவை நக்கினால் வாயையும் வயிற்றையும் புண்ணாக்கும். பூனைக்கு இன்னும் ஆபத்து.

* நாய்க்கான உண்ணிச் சொட்டு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். அதைப் பூனைக்குப் போட்டால் நடுக்கம், வலிப்பு வந்து உயிரே போகலாம். "அதுவும் பிராணிதானே" என்று போட்டுவிடாதீர்கள்.

* நம் பற்பசையால் நாய்க்குப் பல் தேய்க்காதீர்கள். அது துப்பாது, விழுங்கும். சில பற்பசைகளில் இனிப்புக்காகச் சைலிட்டால் சேர்க்கிறார்கள். நமக்கு ஒன்றும் செய்யாத அந்த இனிப்பு, நாயின் ரத்தச் சர்க்கரையை அரைமணி நேரத்தில்கூடச் சரித்துவிடும். கல்லீரலையும் கெடுக்கும்.

* பரணில் பழைய பி.எச்.சி. பவுடர் டப்பா இருந்தால் நாய் மேல் தூவாதீர்கள். அது நம் நாட்டில் 1997-லேயே தடை செய்யப்பட்டது.

நான்கு மாதத்துக்குட்பட்ட குட்டிக்கும், சினை நாய்க்கும், சர்க்கரை வியாதி உள்ள நாய்க்கும் டாக்டரைக் கேட்காமல் எந்த உண்ணி மருந்தும் வேண்டாம். மருந்து போட்ட நாயின் மேல் ஈரம் முழுதும் காயும்வரை குழந்தையை அண்ட விடாதீர்கள். தவறிப் போய் ஏதாவது நேர்ந்துவிட்டால், டாக்டரிடம் போகும்போது பாட்டிலையும் எடுத்துப் போங்கள்.

எங்கள் மணிக்கு இப்போது எடை பார்த்து டாக்டரம்மாவே மாத்திரை தருகிறார். என் பக்கத்திலும் ஒரு மாற்றம்: அலமாரியில் மருந்துக்கென்று தனியாக ஓர் அளவு மூடியும், பொடி எழுத்துப் படிக்க ஒரு பூதக்கண்ணாடியும் வைத்திருக்கிறேன். கண்ணளவு ரசத்தோடு நிற்கட்டும்!