எண்ணின் அஸ்திவாரம்

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி பயின்ற சிறுவன், முந்திரி 320-ல் ஒரு பங்கு, காணி 80-ல் ஒரு பங்கு என்று தடையின்றிச் சொல்வான். அவனைக் கடைத்தெருவில் ஏய்த்தல் எளிதன்று. இன்றோ மூன்றாம் வகுப்பைத் தாண்டியும் கழித்தல் அறியாத பாலர் பலர். அவர்களுக்குப் பின்னமும் வீதமும் போதித்தல் அஸ்திவாரமின்றி மாடம் எழுப்புவதன்றோ?

தமிழ்நாட்டு அரசாங்கத்தார் 2022-ம் வருஷத்தில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் நோக்கம் சிலாக்கியமானதே. ஆயினும் திட்டம் மாத்திரம் போதாது. பழைய மனனம் மாத்திரமும் போதாது. புளியங்கொட்டைகளைப் பத்துப் பத்தாய்க் குவித்துப் பார்க்கும் குழந்தையே ஒன்று, பத்து, நூறு என்னும் ஸ்தானங்களின் பொருளை உணரும். இதற்குப் பெரும் பொருட்செலவில்லை; ஆசிரியரின் பொறுமையும் பெற்றோரின் கால்மணி நேரமுமே வேண்டும்.

கணக்கறியாத ஜனங்கள் தம்மை ஆள்வோரிடம் கணக்குக் கேட்பது எங்ஙனம்?